யாரும் பார்க்காத அந்த நெட்வொர்க்கை முதலில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளும் மருத்துவமனைகளும் சொந்தக் கட்டடத்திலேயே பிரைவேட் கிளவுட், அதாவது தங்களுக்கு மட்டுமான கணினித் தொகுப்பு, அமைத்துக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்வர் விலை, ஏசி, மின்சாரச் செலவு, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நிறைய விஷயங்கள் அதில் இருந்தன. நல்ல கட்டுரை. ஆனால் அதைப் படித்துவிட்டு நாளைக்கே ஒரு நிர்வாகம் இறங்கினால், எங்கே சறுக்குமோ அந்த இடம் அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறு வருடமாக ஒரு கல்வி நிறுவனத்தில் ஓபன்ஸ்டாக் கிளவுடைப் பார்த்துக்கொள்கிறவன். ஓபன்ஸ்டாக் என்பது 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய திறந்த மூல மென்பொருள், சொந்தமாகக் கிளவுட் வைத்துக்கொள்ள நினைக்கிறவர்களில் பலர் இன்றைக்கும் அதைத்தான் எடுக்கிறார்கள். அதில் லோடு பேலன்சர் தருகிற பகுதிக்கு ஆக்டேவியா என்று பெயர். என் அனுபவத்தில் ஓபன்ஸ்டாக்கில் மற்ற எல்லாவற்றையும் நிறுவி முடித்துவிட்டு, கடைசி நாள் சாயங்காலம் அவசரமாக ஒட்டவைக்கிற பகுதி இந்த ஆக்டேவியாவின் நிர்வாக நெட்வொர்க்தான். அப்புறம் எல்லோரையும் தூங்க விடாமல் செய்வதும் அதுதான்.

கணினித் துறையில் இல்லாத வாசகர்களுக்காக ஒன்று. கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது வாசலில் ஒருவர் நின்று, நீங்க அந்த வரிசைக்குப் போங்க, நீங்க இந்தப் பக்கம் வாங்க என்று ஆட்களைப் பிரித்து அனுப்புவார் இல்லையா, லோடு பேலன்சர் செய்வது அந்த வேலைதான். ஒரே இணையதளத்துக்குப் பின்னால் நாலு சர்வர் இருந்தால், வருகிறவர்களை நாலுக்கும் பிரித்து அனுப்பும். வாசலில் நிற்கிறவருக்குச் சமையல்கட்டிலிருந்து சேதி வர வேண்டும், எந்த வரிசையில் இலை போட்டாயிற்று, எதில் இன்னும் துடைக்கவில்லை என்று. அவரும் நான் இங்கேதான் நிற்கிறேன் என்று அவ்வப்போது குரல் கொடுக்க வேண்டும். விருந்தாளிகள் வருகிற வழியிலேயே அந்தச் சேதியும் வந்தால் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும், அதனால் பின்கட்டில் தனி வழி வேண்டும். அந்தப் பின்கட்டு வழிதான் நான் சொல்கிற நிர்வாக நெட்வொர்க்.

ஆக்டேவியாவில் ஒவ்வொரு லோடு பேலன்சரும் உண்மையில் ஒரு குட்டி மெய்நிகர் கணினி, அதாவது பெரிய சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடுகிற கணினி. அதற்குள்ளே ஹெச்ஏபிராக்ஸி என்ற மென்பொருள் ஓடும். இந்தக் குட்டிக் கணினிக்கு ஆம்ஃபோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு கைப்பிடி வைத்த பழைய மண்சாடியின் பெயர். புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது ரோமானியர்களின் ஆம்ஃபோரா ஓடுகள் கிடைத்ததே, அதே சாடிதான். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும், அதனால் சொன்னேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆம்ஃபோரா ஓடுவது, மெய்நிகர் கணினிகளைத் தாங்குகிற கம்ப்யூட் சர்வர்களில். அதை உருவாக்கி, அமைத்து, கண்காணிக்கிற ஆக்டேவியா சேவைகள் ஓடுவது கன்ட்ரோலர் சர்வர்களில். இரண்டுக்கும் இடையே இரண்டு பேச்சு நடக்க வேண்டும். கன்ட்ரோலரில் இருக்கிற வொர்க்கர் என்ற சேவை, ஆம்ஃபோராவின் 9443 போர்ட்டுக்கு (கணினிக்குள் நுழைகிற எண்ணிட்ட வாசல்) டிஎல்எஸ் என்ற மறையாக்கிய இணைப்பு மூலம் போய், இந்த முகவரியில் கேள், இந்தச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பு என்று அமைப்புகளைக் கொடுக்கும். எதிர்ப்பக்கம், ஒவ்வொரு ஆம்ஃபோராவும் 10 விநாடிக்கு ஒருமுறை யூடிபி என்ற எளிய அனுப்பும் முறையில், 5555 போர்ட்டில், கன்ட்ரோலரில் கண்காணிக்கிற ஹெல்த் மேனேஜருக்கு உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு துடிப்பை அனுப்பும். அமைப்பை நாம் மாற்றாமல் விட்டால், 60 விநாடி துடிப்பு வரவில்லை என்றால் அந்த ஆம்ஃபோரா செத்துவிட்டது என்று ஹெல்த் மேனேஜர் முடிவுகட்டி, அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று கட்ட ஆரம்பித்துவிடும்.

எழுதினால் நாலு வரி. ஆனால் கிளவுடில் நெட்வொர்க்கைக் கவனிக்கிற நியூட்ரானின் வேலையே, உள்ளே ஓடுகிற மெய்நிகர் கணினிகளை வெளியே இருக்கிற கன்ட்ரோலர்களிடமிருந்து பிரித்து வைப்பது. ஆக்டேவியாவுக்காக அந்தச் சுவரில் நாமே கவனமாக ஒரு வாசல் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை பாதி கிளவுட்காரருடையது, பாதி சர்வர்களை இணைக்கிற ஸ்விட்ச் பெட்டிகளைப் பார்க்கிறவருடையது. எங்கள் நிறுவனத்தில் அந்த இரண்டு பேரும் வேறு வேறு மாடியில் உட்கார்ந்திருந்தோம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மாணவர் சேர்க்கை நடக்கிற ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஸ்விட்ச்சில் மென்பொருள் புதுப்பித்தார்கள். புதுப்பித்து முடித்தபோது பல நெட்வொர்க்குகள் ஒரே கம்பியில் போகிற டிரங்க் போர்ட் ஒன்றில், அனுமதிக்கப்பட்ட வீலேன் (எண் வைத்துப் பிரித்த நெட்வொர்க்) பட்டியலிலிருந்து ஒரே ஒரு எண் விடுபட்டுப் போனது. அது எங்கள் நிர்வாக நெட்வொர்க்கின் எண். மற்ற எல்லாம் சரியாக இருந்தது, இணையதளம் திறந்தது, விண்ணப்பம் போனது, பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள்.

இதை வாசகர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். நிர்வாக நெட்வொர்க் அறுந்தாலும் ஆம்ஃபோரா தன் வேலையை நிறுத்தாது. வருகிற போக்குவரத்து வேறு நெட்வொர்க்கில், ஆம்ஃபோராவுக்குள்ளேயே பிரித்து வைத்த வேறு நேம்ஸ்பேஸில், அதாவது தனி நெட்வொர்க் அறையில், போகிறது. அன்றைக்கு அந்த நிமிடத்தில் யாரும் எதையும் செய்யாமல் இருந்திருந்தால் காலைவரை ஒரு மாணவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் ஹெல்த் மேனேஜருக்கு ஒரு துடிப்பும் வரவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட லோடு பேலன்சர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆம்ஃபோரா, எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போனதாக அது எடுத்துக்கொண்டது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. புதிதாகக் கட்டியவற்றுக்கும் போய்ச்சேர வழி இல்லை, ஏனென்றால் அறுந்தது அதே வழி. அவை எரர் நிலைக்குப் போய் விழுந்தன. குணப்படுத்த வைத்த ஏற்பாடே நல்லா இருந்தவர்களைக் கொன்றுகொண்டிருந்தது.

எனக்கு ஃபோன் வந்தபோது பதினொரு லோடு பேலன்சர் போயிருந்தது, அதில் சேர்க்கை விண்ணப்பத் தளமும் ஒன்று. முதலில் நான் செய்தது ஹெல்த் மேனேஜரை மூன்று கன்ட்ரோலரிலும் நிறுத்தியதுதான், அதைச் செய்ததால் மிச்சம் தப்பியது. அப்புறம் டிரங்க்கைச் சரிசெய்து, விழுந்த ஒவ்வொரு லோடு பேலன்சருக்கும் கையால் ஃபெயில்ஓவர் (புதிதாகக் கட்டி மாற்று) கட்டளை கொடுத்தோம். அமைப்பெல்லாம் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்ததால் அதே முகவரியோடு திரும்ப எழுந்தன. ஆனால் விடிந்துவிட்டது. கடைசி நாள் என்று நினைத்து ராத்திரியில் உட்கார்ந்து விண்ணப்பித்த பிள்ளைகளிடம், மறுநாள் காலை போய் ‘உங்கள் படிவம் பதிவாகவில்லை, திரும்பப் போடுங்கள்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதற்கு ஒரு மருந்து ஆக்டேவியாவிலேயே இருக்கிறது, எங்களுக்குத்தான் அப்போது தெரியாது. ஃபெயில்ஓவர் த்ரெஷோல்ட் என்று ஒரு அமைப்பு. ஒரே நேரத்தில் இத்தனை ஆம்ஃபோரா செத்ததாகத் தெரிந்தால் எதையும் மாற்றிக் கட்டாமல் நின்றுவிடு, மனிதர் வந்து பார்க்கட்டும் என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். நெட்வொர்க் மொத்தமாக அறுகிற இந்த மாதிரி நேரத்துக்காகவே சேர்த்தது. நாமாகப் போட்டால்தான் வரும், தானாக வராது. பிரைவேட் கிளவுட் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இனி, இந்த வழியை எப்படிப் போடுவது. இரண்டு முறை உண்டு. ஆக்டேவியாவின் நிறுவல் வழிகாட்டி சொல்வது, ஓபன்ஸ்டாக்குக்குள்ளேயே சாதாரணமாக ஒரு நெட்வொர்க் உருவாக்கி, அதிலிருந்து ஒரு போர்ட்டை (இங்கே இணைப்பு முனை) எடுத்துக் கன்ட்ரோலரில் ஓ-ஹெச்எம்0 என்ற இடைமுகமாகச் செருகுவது. ஸ்விட்ச் பக்கம் போகவே வேண்டாம், அது வசதி. ஆனால் கன்ட்ரோலர் ரீபூட் ஆனால் அந்த இடைமுகத்தின் எம்ஏசி (வன்பொருள்) முகவரியையும் ஐபியையும் திரும்பப் போட, கணினி எழும்போதே ஓடுகிற ஒரு சிஸ்டம்டி சேவை எழுதி வைத்திருக்க வேண்டும், எழுதாதவர்களுக்கு முதல் ரீபூட்டில் தெரியும். இன்னொன்று, அந்த இடைமுகம் டிஹெச்சிபி என்ற தானியங்கி முறையில் முகவரி வாங்கும்போது கேட்வேயையும் (வெளியே போகும் வழி) சேர்த்து வாங்கிவிட்டால் கன்ட்ரோலரின் இயல்பு வழியே மாறிப்போகும், நாம் தொலைவிலிருந்து நுழைந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பே அறுந்துபோகும். அதனால்தான் வழிகாட்டியில் முகவரி கேட்கிற டிஹெச்கிளையன்ட் நிரலுக்கு ஒரு குட்டி அமைப்புக் கோப்பு கொடுத்து, சப்நெட் மாஸ்க் மாதிரி இரண்டு மூன்று விஷயம் மட்டும் கேள் என்று எழுதியிருக்கிறார்கள். பலர் அந்தக் கோப்பை முக்கியமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள்.

இரண்டாவது முறை, ஸ்விட்ச்சில் தனியாக ஒரு வீலேன் ஒதுக்கி, அதையே புரொவைடர் நெட்வொர்க்காக (வெளியே உள்ள நிஜ நெட்வொர்க்கோடு நேராகச் சேர்வது) ஓபன்ஸ்டாக்கில் அறிவித்து, கன்ட்ரோலரிலும் அதே வீலேனில் ஒரு இடைமுகம் வைப்பது. என் கருத்து இதுதான் நல்லது. மேலே சொன்ன விபத்து எங்களுக்கு வீலேனில்தான் நடந்தது, இருந்தும் இதையே சொல்கிறேன். காரணம், கோளாறு வந்தால் சாதாரண நெட்வொர்க் அறிவு உள்ள யாரும் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முதல் முறையில் கோளாறு ஓவிஎஸ் என்ற மென்பொருள் ஸ்விட்ச்சின் பாலத்துக்குள்ளே ஒளிந்துகொள்ளும், அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் சின்ன நிறுவனங்களில் ஒருவர்தான் இருப்பார், அவரும் அன்றைக்கு லீவில் இருப்பார்.

முகவரி ஒதுக்குவதில் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. வழிகாட்டியில் உதாரணமாக 172.16.0.0/12 என்று கொடுத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறோம். டாக்கர் என்ற மென்பொருள் தானாக எடுத்துக்கொள்கிற 172.17.0.0/16 அதற்குள்ளேயே இருக்கிறது, வளாகத்தின் சொந்த முகவரிகளும் பல இடங்களில் அதற்குள்ளே வந்துவிடும். தனியாக, வேறு எங்கும் பயன்படாத ஒரு வரம்பு எடுங்கள். அளவையும் யோசித்து எடுங்கள். ஆக்டிவ்-ஸ்டாண்ட்பை (ஒன்று ஓட, இன்னொன்று காத்திருக்கிற) முறையில் ஒரு லோடு பேலன்சருக்கு இரண்டு ஆம்ஃபோரா, ஃபெயில்ஓவர் நடக்கும்போது கொஞ்ச நேரம் கூடுதலாகவும் ஒன்று வரலாம். /24 எடுத்தால் 254 முகவரி, கன்ட்ரோலருக்கும் டிஹெச்சிபிக்கும் போக நூற்றிருபது லோடு பேலன்சருக்குள் முடிந்துவிடும். முதல் வருடம் பத்துதானே என்று தோன்றும். பின்னால் மாற்றுவது பெரிய வேலை, ஏனென்றால் துடிப்பை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியல் ஆம்ஃபோரா பிறக்கும்போதே அதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது. கன்ட்ரோலர் முகவரியை மாற்றினால் பழைய ஆம்ஃபோராக்கள், நாம் ஒவ்வொன்றாகப் போய்ப் புதுப்பட்டியலைக் கொடுக்கும்வரை, பழைய முகவரிக்கே கத்திக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டியலில் மூன்று கன்ட்ரோலர் இருந்தால் துடிப்பு முறை மாற்றி ஒவ்வொன்றுக்காகப் போகும். ஒரு கன்ட்ரோலருக்கு மட்டும் வழி அறுந்திருந்தால் மூன்றில் ஒரு துடிப்பு காணாமல் போகும், ஆனால் 60 விநாடிக்குள் மற்றவை வந்துவிடுவதால் எதுவும் சிவப்பாகக் காட்டாது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிறகு ஒரு நாள் மீதி இரண்டில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்துவோம், அப்போது ஒன்றை நம்பி எல்லாம் நிற்கும். ஆகவே சேவை பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, மூன்று கன்ட்ரோலரிலும் 5555இல் பாக்கெட் வந்து விழுகிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை, இரண்டு நாள் எங்களைச் சுற்றவிட்டது அது. நெட்வொர்க் விஎக்ஸ்லேன் என்ற சுரங்கவழி மேல் போனால் 50 பைட் அதற்கே போய்விடும், 1500இல் 1450தான் மிச்சம். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1450 என்று இருந்தால் பிங் போகும், 9443க்கு இணைப்பும் கிடைக்கும், ஆனால் டிஎல்எஸ் கைகுலுக்கலில் சான்றிதழ் மாதிரி பெரிய பாக்கெட் வரும்போது அப்படியே நின்றுவிடும். லோடு பேலன்சர் பென்டிங் கிரியேட் (இன்னும் உருவாகிறது) நிலையிலேயே உட்கார்ந்திருக்கும். பிங் போகிறதே, அப்புறம் நெட்வொர்க்கை ஏன் சொல்கிறீர்கள் என்று ஸ்விட்ச்காரர் மாடியிலிருந்து பதில் வரும். பெரிய பாக்கெட்டாக, துண்டாக்காதே என்று சொல்லிப் பிங் செய்து பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன், காரணம் இருக்கிறது. டிஎல்எஸ் இணைப்பை லோடு பேலன்சரிலேயே முடிப்பதாக அமைத்தால், அந்த இணையதளத்தின் ரகசியச் சாவி 9443 வழியாக, இதே நிர்வாக நெட்வொர்க்கில்தான் ஆம்ஃபோராவுக்குப் போகிறது. வளாகத்தின் மற்ற நெட்வொர்க்குகளிலிருந்து இதற்கு ரூட்டர் வழி இருக்கவே கூடாது. சோதனைக்காகத் திறந்த எஸ்எஸ்ஹெச்சின் 22ஆம் போர்ட்டை வேலை முடிந்ததும் மூட வேண்டும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் சான்றிதழால் சரிபார்த்துக்கொள்வதால் இரண்டு தனித்தனிச் சான்றிதழ் அதிகார மையம் உருவாக்கச் சொல்கிறார்கள், அதைச் சோம்பல்பட்டு ஒன்றாக்க வேண்டாம். ஆம்ஃபோராக்களின் சான்றிதழ் இயல்பாக 30 நாள்தான், அதை ஹவுஸ்கீப்பிங் சேவை தானே புதுப்பித்துவிடும். ஆனால் கன்ட்ரோலரின் கிளையன்ட் சான்றிதழும், அதிகார மையத்தின் சான்றிதழும் நாம் உருவாக்கியவை, அவை முடிகிற நாளை நாமேதான் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் அறையில் தினசரி காலண்டரில் அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆம்ஃபோராவே வேண்டாம், நெட்வொர்க் மென்பொருளே பிரித்து அனுப்புகிற ஓவிஎன் டிரைவரை எடுத்தால் இந்த நெட்வொர்க்கே தேவையில்லையே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். சரிதான், தேவையில்லை. ஆனால் அது நான்காம் அடுக்கோடு, அதாவது முகவரி, போர்ட் எண் அளவோடு, நின்றுவிடும், டிஎல்எஸ்ஸை முடித்துக் கொடுக்காது, இணையப் பக்கத்தின் முகவரியைப் பார்த்துப் பிரித்தும் அனுப்பாது. அந்த அளவு போதும் என்கிற இடத்தில் தாராளமாக எடுக்கலாம். எங்களுக்குப் போதவில்லை.

உங்கள் இதழ் மூலம் நிர்வாகங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கிளவுட் அமைத்துக் கொடுக்க ஒப்பந்தப்புள்ளி கேட்கும்போது எத்தனை கோர், எத்தனை டெராபைட் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறீர்கள். அதோடு ஒரு வரி சேருங்கள்: ஒப்படைக்கும் நாளில் நிர்வாக நெட்வொர்க்கை எங்கள் கண் முன்னால் அறுத்துக் காட்டி, இணையதளங்கள் தொடர்ந்து ஓடுவதையும், திரும்ப இணைத்ததும் எல்லாம் பழைய நிலைக்கு வருவதையும் காட்ட வேண்டும். இதற்குத் தனியாகப் பணம் ஆகாது. அரை நாள் ஆகும். அப்படியே அந்த வீலேன் எண் என்ன, அது எந்தெந்த ஸ்விட்ச் வழியாகப் போகிறது என்று ஒரு படம் வரைந்து, ஸ்விட்ச் பார்க்கிறவர் மேசையிலும் கிளவுட் பார்க்கிறவர் மேசையிலும் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் விபத்து அந்தப் படம் இல்லாததால் நடந்தது. ஸ்விட்ச்சைப் புதுப்பித்தவர் கவனக்குறைவானவர் அல்ல, அந்த எண் எதற்கு என்று அவருக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் ஒவ்வொரு செமஸ்டர் விடுமுறையிலும் ஒரு காலை நேரம் குறித்து, இரண்டு மாடிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அந்த வீலேனை ஐந்து நிமிடம் நாங்களே எடுத்துவிடுகிறோம். போன தடவை த்ரெஷோல்ட் சரியாகப் பிடித்து நிறுத்தியது, ஒரு ஆம்ஃபோராவும் அழியவில்லை, ஆனால் இரண்டாவது கன்ட்ரோலருக்குத் துடிப்பு திரும்ப வரவில்லை. பார்த்தால் அதன் ஃபயர்வாலில் 5555 திறந்திருக்கவில்லை, எத்தனை நாளாகவோ. அன்றைக்கே சரிசெய்தோம்.

இப்படிக்கு,
கணினி மைய ஊழியர் ஒருவர்,
திருச்சி